பதினேழாம் சுவடு

ஆகஸ்ட் 12, சனி

காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். இரத்த அழுத்த மாத்திரை, இரண்டு இட்லி. தண்ணீர் வடிகட்டியைக் கழற்றிக் கழுவி வைத்தேன். எட்டரைக்குப் பாளையங்கோட்டை மைதானம். கல்லூரி மாணவர்களுக்கான சிலம்பப் போட்டி. பொதுப்பாட நூலின்படி நடக்கும் முதல் போட்டி என்பதால், சிலம்பக் கூட்டமைப்பின் தலைவர் மகிழ்வண்ணன் என்னையும் நடுவர் மேசையில் உட்கார வைத்தார்.

நான் கம்பைக் கையில் எடுத்தவனல்ல. முப்பத்தொரு ஆண்டு பாலிடெக்னிக்கில் பொறியியல் வரைபடம் கற்பித்தவன். நூலின் படங்கள் நான் வரைந்தவை. ஆசான்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொடுத்துவந்த வரிசைகளை ஒன்றாக்கி, எந்த ஊர்ப் பிள்ளை ஆடினாலும் ஒரே அளவுகோலால் மதிப்பெண் போடலாம் என்று செய்த நூல் அது. நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

பதினொன்றரை மணிக்குப் பெண்கள் ஜோடி வரிசையில் ஒரு விபத்து. அடிப்பவள் ஜெபசீலி, எதிரில் நிற்பவள் சுடலைவடிவு. இருவரும் ஒரே கல்லூரி, இரண்டாம் ஆண்டு. பதினேழாம் சுவட்டில், அதாவது வரிசையின் பதினேழாம் காலடியில், கம்பு வடிவின் இடப் பொட்டில் பட்டது. அவள் விழவில்லை, உட்கார்ந்தாள். உட்கார்ந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் சாய்ந்தாள். ஆம்புலன்ஸ் பதினாறு நிமிடத்தில் வந்தது.

ஜோடி வரிசைக்குத் தலைக்கவசம் கிடையாது. யார் எப்போது எங்கே அடிப்பார் என்பது இருவருக்கும் முன்பே தெரியும். அது சண்டை அல்ல, பாடம்.

மாலையில் மழை. கொடியில் கிடந்த துணிகளை எடுக்க மறந்துவிட்டோம்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

வடிவு தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள் என்று தலைவர் போனில் சொன்னார். வரைபலகையைத் துடைத்து வைத்தேன்.

ஆகஸ்ட் 14, திங்கள்

தலைவர் மறுபடி பேசினார். நூலைத் தயாரித்த பாடக்குழுவின் செயலாளர் என்ற முறையில் நான் ஓர் அறிக்கை தர வேண்டுமாம்.

"சுருக்கமா இருக்கட்டும் சார். புஸ்தகத்துல தப்பில்ல, ஆடுனதுல தப்புன்னு ரெண்டு வரி. அம்புட்டுத்தான்."

நூலை எடுத்து 40, 41 ஆகிய பக்கங்களைப் பார்த்தேன். இடப்பக்கம் காலடிப் படம், வலப்பக்கம் கம்பு வீச்சுப் படம். அச்சு தெளிவாக இருக்கிறது. எண்கள் சரி. கடைசிப் பக்கத்தில் சுயம்பு ஆசான், சவரிமுத்து ஆசான் இருவரும் ஒப்புதல் கையெழுத்திட்டிருக்கிறார்கள். பிழை எதுவும் தென்படவில்லை.

அறிக்கையை நாளை எழுதலாம்.

ஆகஸ்ட் 16, புதன்

நேற்று சுதந்திர தினம், எழுதவில்லை. இன்று காலை சுயம்பு ஆசான் வந்தார். அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறார். என் மனைவி செண்பகம் நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"சார், எங்க பக்கம் அந்தப் பதினேழாம் அடிக்கு ஆளு நிக்க மாட்டான். ஒரு சுவடு பின்னால போயிருவான். கம்பு மூக்குக்கு முன்னால போவும். காத்து அடிக்கும், அவ்வளவுதான்."

"புஸ்தகத்துல நிக்கணும்னுதான் இருக்கு, ஆசான்."

"அது சவரிமுத்து கேட்டதுல்லா? அவரு ஆளுக நிப்பாவ. ஆனா அவரு ஆளுக அடிய முழுசா விட மாட்டாவளே. தலைக்கு ஒரு சாண் மேல வந்து கம்பு அப்படியே நின்னுரும்."

"ஆமா."

"அப்ப முழு அடிக்கு முன்னால நிக்கச் சொன்னது யாரு?"

காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்று, கூடிய வரையில் மெதுவாகக் கேட்டேன்.

"எனக்கு எழுத்துக் கூட்டித்தான் சார் படிக்க வரும். நம்ம அடி இருக்கான்னு பாத்தேன். இருந்துச்சு. போட்டுட்டேன்."

அவர் போன பிறகு யோசித்தேன். ஆசானுக்கு வயதாகிவிட்டது, எதையோ குழப்பிக்கொள்கிறார். (அவர் என்னைவிட ஆறு வயது இளையவர்.)

ஆகஸ்ட் 17, வியாழன்

மூலப் படங்களைப் பரணிலிருந்து இறக்கினேன். எல்லாம் ஒரே அளவில் வரைந்த, அடியில் இருப்பது தெரியும் ஊடுதாள்கள். பதினேழாம் சுவட்டின் காலடிப் படத்தின் மேல் வீச்சுப் படத்தை வைத்து, நான்கு மூலையிலும் ஊசி குத்திப் பார்த்தேன்.

கம்பின் நுனி செல்லும் வளைகோடு, எதிரில் நிற்பவரின் தலையைக் குறிக்கும் வட்டத்தின் வழியாகப் போகிறது. ஓரமாக அல்ல.

தாள் சுருங்கியிருக்கலாம் என்று அளந்தேன். சுருங்கவில்லை. மூன்று முறை வைத்துப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

கண் மருத்துவரிடம் போனேன். வலக்கண்ணில் புரை முற்றவில்லை, ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். பார்வை நன்றாகவே இருக்கிறதாம்.

ஆகஸ்ட் 19, சனி

வடிவு காலை பத்து மணிக்கு இறந்துவிட்டாள். பத்தொன்பது வயது.

ஆகஸ்ட் 21, திங்கள்

நேற்று அடக்கத்துக்குச் செண்பகம் மட்டும் போய்வந்தாள். எனக்குக் காலையிலிருந்து வயிறு சரியில்லை.

வடிவின் தாய் ஆவுடையம்மாள் பீடி சுற்றுகிறவர். கணவர் இல்லை. போட்டிக்கு முந்தின நாள் பூராவும் மகளை இலை வெட்ட உட்கார்த்தி வைத்தாராம். பீடிக் கட்டு கொடுக்க வேண்டிய வாரம். மகள் முணுமுணுத்துக்கொண்டே வெட்டினாளாம்.

"அந்த அசதியிலதான் எம்புள்ள கை ஓங்கித் தடுக்க மறந்துட்டா, நான்தான் கொன்னுட்டேன், நான்தான் கொன்னுட்டேன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதா. யாரு சொல்லியும் கேக்கல" என்றாள் செண்பகம். சேலையை மாற்றிக்கொண்டு வந்து மறுபடி என் எதிரில் நின்றாள்.

"ஏங்க, அவ அசதியிலதான் தப்புப் பண்ணிட்டாளா? நீங்க மேசையில இருந்தீங்கல்லா? பாத்திருப்பீங்களே."

சரியாகத் தெரியவில்லை என்றேன்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதிவைப்பது நல்லது.

பிப்ரவரி 9, பாடக்குழுவின் நான்காவது கூட்டம். மூன்று கூட்டங்களாகப் பதினேழாம் சுவட்டைத் தாண்ட முடியவில்லை. சுயம்பு ஆசான், "அடி முழுசா வரணும், வர்ற அடிக்கு ஆளு விலகணும்" என்றார். சவரிமுத்து ஆசான் உவரிக்காரர். "காலை எடுத்தா அது பயம். நிக்கணும். அடிக்கிறவன்தான் கைய அடக்கணும்" என்றார். சுயம்பு ஆசான் சிரித்தார். "அடக்குன அடி அடியா ஓய்? அது ஆசீர்வாதம்லா!" சவரிமுத்து ஆசான் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது ஒருவர், வீச்சைச் சுயம்பு ஆசான் முறைப்படியும், நிலையைச் சவரிமுத்து ஆசான் முறைப்படியும் வைத்துக்கொள்ளலாமே என்றார். ஆளுக்குப் பாதி. இருவர் முகமும் தெளிந்தது. தன் பாதி புத்தகத்தில் வருகிறதா என்று மட்டும் இருவரும் கேட்டுக்கொண்டார்கள். உளுந்தவடை வந்தது. "ரெண்டு பேரு மனசும் நோகாம முடிச்சிட்டீங்களே" என்று தலைவர் அவர் முதுகைத் தட்டினார்.

அந்த ஒருவர் நான். பெயரைப் போட்டே எழுதியிருக்கலாம்.

அதன் பிறகு இரண்டு ஆசான்களின் மாணவர்களும் அதை எத்தனையோ முறை ஆடிக்காட்டினார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பது இப்போதுதான் புரிகிறது. சுயம்பு ஆசானின் பிள்ளைகள் புத்தகம் என்ன சொன்னாலும் பழக்கத்தில் காலை எடுத்தார்கள். சவரிமுத்து ஆசானின் பிள்ளைகள் பழக்கத்தில் கையை அடக்கினார்கள். எந்த ஆசானிடமும் முன்பு பழகாமல், கல்லூரியில் நூலை மட்டும் வைத்துக் கற்ற முதல் ஜோடி ஜெபசீலியும் வடிவும்தான். எண்ணிக்கை சொல்லி மெதுவாகப் பழகியிருக்கிறார்கள். மெதுவாக வரும் கம்பு தானாக நின்றுவிடும். முழு வேகத்தில் ஆடியது அன்றுதான். பதினேழில் நிற்பவள் அடுத்த அசைவுக்காக முகத்தை வலப்புறம் திருப்ப வேண்டும். அவள் திருப்பினாள். கம்பு வந்ததை அவள் பார்த்திருக்க முடியாது.

ஆகஸ்ட் 24, வியாழன்

மற்ற மாவட்டப் போட்டிகள் செப்டம்பர் 2 அன்று. ஒன்பது மாவட்டம், குறைந்தது நூறு ஜோடி. இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

ஒரு திருத்தச் சீட்டு தயாரித்தேன். நூலின் பின்னட்டையில் ஒட்டுகிற மாதிரி, அஞ்சலட்டை அளவு. மொத்தம் ஒன்பது திருத்தங்கள். எட்டு எழுத்துப் பிழைகள். ஏழாவதாக: 'பக்கம் 40, சுவடு 17. "நிலை மாறாது நிற்க" என்பதை "ஒரு சுவடு பின்வாங்கி நிற்க" எனத் திருத்திப் படிக்கவும்.' காரணம் எதுவும் எழுதவில்லை. திருத்தச் சீட்டில் காரணம் எழுதும் வழக்கமில்லை.

தலைவர் தன் மோட்டார் கடையில் பில் புத்தகத்தைத் தள்ளிவைத்துவிட்டு இரண்டு முறை படித்தார். ஏழாவதில் விரலை வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன்.

"நல்ல காரியம் பண்ணுனீங்க சார். நானே அச்சடிச்சு எல்லா மாவட்டத்துக்கும் அனுப்பிருதேன்."

நிம்மதியாக வீடு திரும்பினேன். இனி யாருக்கும் அடிபடாது.

ஆகஸ்ட் 26, சனி

அச்சிட்ட சீட்டைத் தலைவரே கொண்டுவந்தார். அடியில் தேதி, ஜூலை 10.

தேதி தவறாக இருக்கிறது என்றேன்.

"தப்பில்ல சார். நாந்தான் போடச் சொன்னேன்." செண்பகம் சமையலறைக்குள் போகும்வரை பொறுத்திருந்தார். "நாலாந்தேதி கோட்டாட்சியர் விசாரணை. சீட்டு ஜூலையிலயே போயிருச்சுன்னா, புஸ்தகம் சரி, ஆசான்மாரு சரி, நீங்க சரி. ஜெபசீலி அடிச்சதும் சரி, அவ மேல கேஸே நிக்காது. பின்வாங்கணும்னு இருக்கு, அந்தப் பிள்ளை பின்வாங்கல. கவனக்கொறவு. முடிஞ்சு போச்சு."

"வடிவு..."

"அந்தப் பிள்ளை போயிட்டா சார். இனி அவளுக்கு என்ன வரப்போவுது? இருக்கிற பிள்ளையப் பாக்கணும்லா? ஜெபசீலிக்கும் பத்தொம்பது வயசுதான்."

அவர் சொல்வதில் கொடுமை இல்லை. உயிரோடிருக்கிற ஒருவருக்கும் கெடுதல் வராத வழி அது. நான் இரண்டு ஆசான்களுக்கும் சொன்ன வழியும் அப்படிப்பட்டதுதான்.

கையெழுத்துக்கு ஒரு நாள் அவகாசம் கேட்டேன்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

கையெழுத்திட்டேன். பேனா மை கசிகிறது, வேறு வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

மாலை நாலு மணிக்கு ஜெபசீலி வந்தாள். மெலிந்துவிட்டாள். செண்பகம் கொடுத்த காபியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சார், ஒண்ணு கேக்கணும். நான் அடிச்சது சரியா, தப்பா?"

"உம்மேல தப்பில்லன்னு தலைவர் சொல்லிட்டாரேம்மா."

"அது கேக்கல சார். அடி சரியான்னு கேக்கேன்."

சரியான அடிதான் என்றேன். அவள் முகம் இன்னும் வெளுத்தது. தவறு என்று சொல்வேன் என எதிர்பார்த்து வந்திருக்கிறாள்.

"சீட்டு ஜூலையிலயே வந்துச்சுன்னு சொல்லச் சொல்லுதாங்க சார். வரல. நானும் அவளுந்தான் தெனமும் சாயங்காலம் அந்தப் பக்கத்தைத் தொறந்து, காத்துல புரளாம மேல கல்லு வெச்சு ஆடுவோம். பின்னட்டையில ஒரு சீட்டும் கெடையாது. அப்படிச் சொன்னா என்னைய விட்ருவாங்களாம். அப்ப வடிவு கவனமில்லாம ஆடுனான்னு ஆயிரும்லா?"

காபி ஆறுகிறது, குடிம்மா என்றேன்.

"அவ சரியான கிறுக்கி சார். நான் ஒரு விரல் தள்ளி அடிச்சாக்கூட, ஏட்டி, புஸ்தகத்தைப் பாருட்டின்னு சண்டைக்கு வருவா. நான் என்ன சொல்லட்டும், நீங்களே சொல்லுங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எழுபத்திரண்டு வயதுக்காரன், பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் அப்படிச் சொன்னேன். அவள் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து போனாள்.

செண்பகம் தம்ளரை எடுக்க வந்தாள். காபி அப்படியே இருந்தது. "எல்லாம் காதுல விழுந்துச்சு" என்றாள். இரவு எனக்கு மட்டும் தட்டு வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 31, வியாழன்

22ஆம் தேதிக் குறிப்பில் ஒன்றை விட்டுவிட்டேன்.

நூலில் மற்ற எல்லாச் சுவடுகளுக்கும் காலடியும் வீச்சும் ஒரே படத்தில்தான் இருக்கின்றன. பதினேழுக்கு மட்டும் இரண்டு தனிப் படங்கள், எதிரெதிர்ப் பக்கங்களில். ஏன் அப்படி என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

முதலில் ஒரே படமாகத்தான் தொடங்கினேன். பிப்ரவரி 11, காலை வேளை. பாதங்களைப் போட்டேன், தலைக்கு வட்டம் போட்டேன். கம்பின் வளைகோட்டை இழுத்தபோது பென்சில் வட்டத்துக்குள் போய்விட்டது. நின்றேன். முனையைச் சீவிக்கொண்டு மறுபடி இழுத்தேன். மறுபடியும் உள்ளேதான் போனது.

தலைவருக்குப் போன் செய்ய எழுந்தேன். கூட்டத்தில் இரண்டு பேரும் கைகுலுக்கியது நினைவுக்கு வந்தது. மறுபடி ஐந்தாவது கூட்டம், மறுபடி சத்தம். கம்பு பிடிக்கத் தெரியாத நான், நாற்பது வருடம் கம்பு சுற்றியவர்களிடம் போய் அடி தலையில் படும் என்று சொல்வதா? அவர்களுக்குத் தெரியாதா? மனித உடல் காகிதம் அல்லவே, ஏதாவது வளைந்து நெளிந்து போகுமாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்று இன்றுவரை எனக்கே சொல்லிவந்தேன். நினைக்கவில்லை. போன் செய்யக் கூச்சமாக இருந்தது. அவ்வளவுதான்.

ரப்பரால் அழித்தேன். இரண்டு படமாகப் பிரித்து வரைந்தேன். தனித்தனியே பார்க்க இரண்டும் அழகாக இருந்தன.

செப்டம்பர் 2, சனி

ஒன்பது மாவட்டங்களிலும் போட்டி முடிந்தது. யாருக்கும் காயமில்லை. பகல் முழுவதும் போன் அருகிலேயே இருந்தேன்.

செப்டம்பர் 4, திங்கள்

காலையில் மாத்திரை போட்டுக்கொள்ளவில்லை. இப்போதுதான் நினைவு வருகிறது.

கோட்டாட்சியர் அலுவலகத்துக்குச் செண்பகமும் வந்தாள். நான் கூப்பிடவில்லை. உள்ளே நீள மேசை. ஒரு பக்கம் தலைவரும் இரண்டு ஆசான்களும். எதிரில் ஆவுடையம்மாள், பின்னால் ஜெபசீலியும் அவள் தந்தையும். ஆவுடையம்மாளை இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். குள்ளமானவர். விரல் நுனிகளில் புகையிலைக் கறை.

தலைவர் திருத்தச் சீட்டை நீட்டினார். கோட்டாட்சியர் இளைஞர். சீட்டைப் படித்துவிட்டு, "செயலாளர் குற்றாலநாதன், இது உங்க கையெழுத்துதானே?" என்றார்.

"ஆமாய்யா. கையெழுத்து என்னுது. தேதி பொய்."

என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னேன். ஊடுதாள்களை மேசையில் விரித்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தேன். பிப்ரவரிக் கூட்டம், என் யோசனை, அழித்த கோடு, ஆகஸ்டில் எழுதிய சீட்டு என்று வரிசையாகச் சொன்னேன். தாள் நழுவிக்கொண்டே இருந்தது. சுயம்பு ஆசான் எழுந்து வந்து ஒரு மூலையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். சவரிமுத்து ஆசான் குனிந்து பார்த்தார். "நான் என் பாதியைத்தான்யா பாத்தேன்" என்றார். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"சாருக்கு வயசாயிருச்சு. அந்தப் பிள்ளை போனதுலேருந்து மனசு சரியில்ல" என்றார் தலைவர்.

"கோடு சரியாத்தான இருக்கு?" என்றார் கோட்டாட்சியர். என் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளச் சொன்னார். வழக்கு என் பெயரிலும் வரும், தலைவர் பெயரிலும் வரும் என்றார். ஜெபசீலி தலையை மடியில் கவிழ்த்துக்கொண்டாள். அழுதாளா என்று தெரியவில்லை.

வெளியே வந்தபோது ஆவுடையம்மாள் படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் செண்பகம். கடந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். செண்பகம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

"சார், நீங்க உள்ள சொன்னது எனக்கு வெளங்கல" என்றார் ஆவுடையம்மாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எம்புள்ள அசதியில தப்புப் பண்ணலியா?"

"இல்லம்மா. அவ ஒரு தப்பும் பண்ணல."

"கை ஓங்க மறக்கலியா?"

"அந்த எடத்துல கை ஓங்கணும்னு புஸ்தகத்துல இல்லம்மா. அசையாம நிக்கணும், மொகத்தைத் திருப்பணும். ரெண்டையும் சரியாச் செஞ்சா. ஒரு விரக்கடை பிசகல."

அவர் கறை படிந்த விரல்களால் முந்தானை ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பீடி சுற்றுவதைப் போலவே சுருட்டினார், விட்டார், மறுபடி சுருட்டினார்.

"நீங்க போட்ட எடத்துலயே நின்னுருக்கா."

"ஆமாம்மா."

"நகந்திருந்தா?"

என்னம்மா என்றேன், புரியாதவன்போல். அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"நிக்காம ஒரு எட்டு நகந்திருந்தா என்ன செஞ்சிருப்பீங்க சார்?"

அதற்கான விதியை எழுதியதும் நான்தான். பக்கம் நூற்றுநாலு.

"ஒரு மார்க் கொறச்சிருப்போம்" என்றேன்.